பனி பார்க்கப் போறீங்களா?

லீவு போட்டாச்சு, ஸ்வெட்டர் வாங்கியாச்சு, அடுத்து குல்மார்க்தானா? கொஞ்சம் நில்லுங்க சார்!

மலையில் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. நடுவில் ஓர் அடுக்கு பலமில்லாமல் இருந்தால் போதும், நீங்கள் கால் வைத்ததும் மேலே உள்ளது மொத்தமும் பாளமாக வழுக்கி வரும். இதுதான் பனிச்சரிவு. 30 முதல் 45 டிகிரி சரிவுகளில் ஆபத்து அதிகம். அதிலும் பெரிய பனிப்பொழிவுக்கு மறுநாள், வெயில் பளிச்சென்று 'வா, வா' என்று கூப்பிடும். நம்பாதீர்கள்! காலடியில் 'தொம்' என்று சத்தம் கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ உடனே திரும்பிவிடுங்கள்.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேரைப் பனி மூடியது. ஆறாம் நாள் ஒருவரை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். மூன்றே நாளில் அவரும் போய்விட்டார்.

உள்ளூர்க்காரர் 'இன்னிக்கு வேணாம்'னு சொன்னா, ரூம்லயே உட்கார்ந்து டீ குடிங்க. மலை எங்கேயும் ஓடிப்போயிடாது!