வாரக் கணக்கும் மனசுக் கணக்கும்

போன மாசம் ஒரு மத்தியானம் என் அக்கா மகள் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தைக்கு ஏழு மாசம். காப்பி கலந்து கொடுத்தேன். வாசனையே பிடிக்கவில்லை என்று தம்ளரைத் தள்ளி வைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளாச்சுடி?"

"தெரியலை சித்தி. பிரசவத்துக்கப்புறம் இன்னும் தூரமே ஆகலை. பால் குடுக்கறப்போ கரு நிக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்களே!" என்றவள் அழ ஆரம்பித்தாள். "இப்போ இன்னொண்ணு என்னால முடியாது. ஆனா, கலைச்சா ஒரு உயிரைக் கொன்ன பாவம்னு அத்தை சொல்றாங்க. நெஜமாவா சித்தி?"

நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். பதில் சொல்ல எனக்கென்ன தெரியும்? ஆனால் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளே இந்தக் கேள்வியில் இரண்டு பட்டார்கள் என்பது பேப்பரில் படித்து ஞாபகம் இருந்தது.

2023 அக்டோபரில் நடந்தது அது. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான 27 வயதுப் பெண் ஒருவர் வழக்குப் போட்டார். இவளைப் போலவே, பால் கொடுப்பதால்தான் மாதவிலக்கு வரவில்லை என்று நம்பியிருந்தவர். பிரசவத்துக்குப் பின் வந்த மன நோய்க்கு மருந்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்து கோர்ட்டுக்கு வருவதற்குள் 26 வாரம் ஆகிவிட்டது. கலைக்கலாம் என்று 9-ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் அனுமதி கொடுத்தார்கள். ஆனால், குழந்தை பிழைக்கக்கூடிய நிலையில் இருக்கிறது, அதன் இதயத் துடிப்பை நிறுத்த வேண்டியிருக்குமே என்று தில்லி எய்ம்ஸ் டாக்டர் எழுதிக் கேட்டார். 11-ஆம் தேதி அதே இருவரும் வேறுபட்டார்கள். நீதிபதி ஹிமா கோஹ்லி, தன் மனசாட்சி இடம் தரவில்லை என்றார். நீதிபதி நாகரத்னா, கரு தாயைச் சார்ந்தே இருப்பது, அவளிடமிருந்து பிரித்துத் தனி ஆளாகக் கருத முடியாது, அவள் முடிவையே மதிக்க வேண்டும் என்றார். இருவருமே பெண்கள்! கடைசியில் 16-ஆம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூன்று பேர் அனுமதி மறுத்துவிட்டார்கள். 24 வாரம் தாண்டிவிட்டது, தாய் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, சிசுவுக்கும் ஊனமில்லை என்பது காரணம்.

கரு எப்போது 'ஆள்' ஆகிறது என்று நம் சட்டம் ஒரே வரியில் சொல்வதில்லை. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி, அப்பா இறக்கும்போது வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் சொத்தில் பங்கு உண்டு. ஆனால் அது உயிரோடு பிறந்தால்தான். கருக்கலைப்புக்கோ சட்டம் வாரக் கணக்கு வைத்திருக்கிறது. 1971-இல் வந்த சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. அதன்படி, சட்டம் சொல்லும் காரணம் இருந்தால் 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புக்கொண்டால் போதும். தாயின் மனநலம் கெடும் என்பதும், கருத்தடை முறை தவறிவிட்டது என்பதும் அதில் அடக்கம். 20-லிருந்து 24 வாரம் வரை சில வகைப் பெண்களுக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் ஒப்புதலோடு. அதன் பிறகு, சிசுவுக்குப் பெரிய குறை இருந்து மருத்துவக் குழு ஒப்புக்கொண்டாலோ, தாயின் உயிரைக் காக்க வேண்டியிருந்தாலோதான்.

பதினெட்டு வயதான பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். கணவர் கையெழுத்து சட்டப்படி வேண்டியதில்லை. இது எனக்கு அன்றைக்குத் தெரியாமல் போனதே!

எனக்கு இருபத்து நாலு வயதிருக்கும்போது, இரண்டாவது குழந்தை தவழும் நாளில் இதே நிலைமை. போன ஆஸ்பத்திரியில், "வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் குஜராத்தில் வேலையில் இருந்தார். வந்து சேரப் பத்து நாளாயிற்று. அந்தப் பத்து ராத்திரியும் நான் தூங்கவில்லை. பிறகு எட்டு வாரத்தில் கலைத்துக்கொண்டேன். இப்போதும் சில சமயம், அது இருந்தால் இத்தனை வயசாகியிருக்குமே என்று மனசு கணக்குப் போடுகிறது. ஆனாலும் அன்று செய்தது தப்பென்று தோன்றவில்லை. இரண்டையும் சேர்த்தே இவளிடம் சொன்னேன். உன் அத்தை சொல்வதும் ஒரு நம்பிக்கை, அதை அலட்சியம் பண்ணாதே; ஆனால் சுமக்கப் போகிறவள் நீ, யோசித்து நீயே முடிவு செய் என்றேன்.

மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஸ்கேனில் ஒன்பது வாரம். நிதானமாக யோசிக்க அவகாசம் இருந்தது.

இளம் தாய்மார்களே, ஒன்றை மறக்காதீர்கள். குழந்தைக்கு ஆறு மாசம் ஆகும் முன், மாதவிலக்கும் திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால்தான் அது ஓரளவு பாதுகாப்பு. அதன் பிறகு நம்பக் கூடாது. மாதவிலக்கு திரும்பும் முன்பே கரு தரிக்கலாம். பிரசவமான ஆறாவது வாரம் டாக்டரைப் பார்க்கும்போதே கருத்தடை பற்றிக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் அன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். மருந்துக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து.

அக்கா மகள் என்ன முடிவெடுத்தாள் என்று கேட்பீர்கள். அதை வெளியே சொல்லக் கூடாது என்று டாக்டருக்கே சட்டம் கட்டளை போட்டிருக்கிறது. சித்தி மட்டும் சொல்லலாமா? முடிவு அவளுடையது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அது போதும் எனக்கு.