லயத்து முற்றமும் இலைப்பானமும்: ஹந்தானையை முன்வைத்து ஒரு விளக்கம்

கண்டி நகருக்குத் தெற்கே, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை அணைத்தாற்போல எழுந்து நிற்பது ஹந்தானை மலைத்தொடர். அங்கு 1925இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை, 2001இல் தேயிலை நூதனசாலையாக்கப்பட்டது. அங்குப் பேணப்படும் பழைய இயந்திரங்கள் தேயிலை ஆக்கப்பட்ட முறையைக் கூறும். கொழுந்து பறித்தவர்கள் தம் வீட்டில் எதனை அருந்தினர் என்பதை அறிய விரும்புவோர் லயத்து அடுப்படிக்கே செல்லுதல் வேண்டும்.

அங்கு முதலிடம் சாயத்தண்ணிக்கே உரியது. அதற்கு அடுத்தபடியாக, லயத்தின் ஓரத்து மண்ணில் வளரும் இஞ்சி, துளசி, கற்பூரவள்ளி, வல்லாரை முதலியன பானங்களாகின்றன. தடிமன் கண்டவிடத்துக் கடைச்சரக்கான கொத்தமல்லியை இலேசாக வறுத்து, தட்டிய இஞ்சியுடன் நீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைப்பர். வித்தும் கிழங்கும் கடினமானவை. அவற்றின் சாரம் இறங்க நெடுநேரக் கொதிப்பு வேண்டும். துளசியும் கற்பூரவள்ளியும் அத்தகையன அல்ல. அவற்றின் மணத்துக்குக் காரணமான எண்ணெய் ஆவியோடு போய்விடுமாதலால், அடுப்பை விட்டு இறக்கிய பின்னரே இலையை இட்டு மூடிவைத்தல் தகும். அயற் சிங்களக் கிராமங்களின் கொலகெந்த எனும் இலைக்கஞ்சியிலும் இதே நுட்பம் உண்டு. சிவப்புப் பச்சையரிசி வெந்து, தேங்காய்ப்பால் சேர்ந்த பின்னர், கடைசியாகவே வல்லாரைச் சாறு விடப்படுகிறது. கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கித்துள் வெல்லம். நன்னாரி இரமுசு என்றும், ஆவாரை ரணவரா என்றும், வில்வம்பூ பெலிமல் என்றும் வழங்கும் இப்பிரதேசத்தில், பெயர் வேறாயினும் பண்டம் ஒன்றே.

இவற்றுக்கு நோய் தீர்க்கும் அற்புத ஆற்றல் கற்பிப்பது எமது நோக்கமன்று. ஆயினும் ஒன்று தெளிவு. உணவோடு தேநீர் அருந்துமிடத்து, அதிலுள்ள தனின்கள் தாவர உணவின் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கின்றன. தோட்டப் பெண்களிடையே குருதிச்சோகை பரவலாகக் காணப்படும் நிலையில் இது சிறு விடயமன்று. உணவுவேளையில் சாயத்தண்ணிக்குப் பதிலாகத் தேசிப்புளி விட்ட இஞ்சித்தண்ணீரை அருந்தின் அத்தடை குறைகிறது. தேசிக்காயின் விற்றமின் சி இரும்புச்சத்துச் சேர்வதற்குத் துணையும் புரிகிறது.

அவ்வாறாயின் இப்பழக்கம் ஏன் பெருகவில்லை? அறியாமை என்பது எளிதான விடை; அது பிழையான விடையுமாகும். பாட்டிமார் அறிந்தேயிருக்கின்றனர். இல்லாதவை இரண்டு: நேரமும் நிலமும். பகல் முழுவதும் மலையிற் கழித்துத் திரும்பும் பெண்ணை விறகும் தண்ணீரும் சமையலும் காத்திருக்கின்றன. பிள்ளைகள் இலை ஆய, கணவன் இஞ்சி தட்ட, பாட்டி பக்குவம் சொல்ல நடைபெறுமாயின் அது குடும்பத்தின் இன்பப்பொழுது. அனைத்தும் அவள் தலையில் விழுமாயின், அது ஊதியமற்ற மற்றொரு வேலை. இவ்வேறுபாட்டைக் காணாது ‘பாரம்பரியம்’ பேசுவோர் பலர்.

நிலத்தின் கதை இன்னும் நீண்டது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட காலந்தொட்டு, மலைச்சரிவின் ஒவ்வொரு துண்டும் ஏற்றுமதிப் பயிருக்கென அளக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரைக் குடியுரிமை அற்றவராக்கியது. 1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. எம்மாற்றத்திலும் லயத்து முற்றம் தொழிலாளிக்குச் சொந்தமாகவில்லை. உறுதியற்ற மண்ணில் ஒரு பருவத்துக் கீரையை நடலாம். காய்க்கப் பல்லாண்டு செல்லும் நெல்லியையோ வில்வத்தையோ எவர் நடுவர்? 2015க்குப் பின் முன்வைக்கப்பட்ட 7 பேர்ச் காணியுடனான தனிவீட்டுத் திட்டம் இதனாலேயே முக்கியமானது. எனினும், பெருந்தொகையான குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன.

முற்றம் போதாதபோது கை தேயிலைமலையின் கான் ஓரத்து வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் நீள்கிறது. அங்கே களைநாசினி உண்டு. 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபொசேற், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மருந்து தெளித்த மலை எது, தெளியாத மலை எது என்பதை, இலை பறிக்கும் பிள்ளைக்கு எவரேனும் சொல்லித்தானாக வேண்டும்.