எடை மாறாவிட்டாலும் வயிறு பெருப்பது ஏன்? கொழுப்பின் இடத்தைத் தீர்மானிக்கும் பாலின ஹார்மோன்கள்

உணவு முறை மாறவில்லை, எடையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனாலும் வயிற்றுப் பகுதி மட்டும் பெருத்து, பழைய உடைகள் பொருந்தாமல் போகின்றன. 45 வயதைக் கடக்கும் பெண்கள் பலர் கூறும் குறை இது. இதற்குச் சோம்பலும் உணவும் மட்டுமே காரணம் என்று குற்றம்சாட்டுவது தவறு. 'எல்லாம் ஹார்மோன் செயல், நம் கையில் ஒன்றுமில்லை' என்று கைவிடுவதும் தவறு. உடலில் கொழுப்பு எங்கே சேர வேண்டும் என்பதில் பாலின ஹார்மோன்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த இடத்தைப் பொறுத்தே நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றின் அபாயம் பெருமளவு அமைகிறது.

இருவகைக் கொழுப்பு

உடலில் சேரும் கொழுப்பை அதன் இடத்தை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். தோலுக்கு அடியில், குறிப்பாகத் தொடையிலும் பிட்டத்திலும் படிவது தோலடிக் கொழுப்பு. வயிற்றுக்குள் குடல், கல்லீரல் போன்ற உறுப்புகளைச் சூழ்ந்து படிவது உள்ளுறுப்புக் கொழுப்பு.

பிரான்சின் மார்செய் நகரைச் சேர்ந்த மருத்துவர் ஜான் வாக், 1947-ஆம் ஆண்டிலேயே இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். ஆண்களிடம் அதிகம் காணப்படும் மேலுடல் பருமனே நீரிழிவுடனும் இதயநோயுடனும் நெருங்கிய தொடர்புடையது என்பது அவரது கருத்து. பிற்கால ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின.

உள்ளுறுப்புக் கொழுப்பு எளிதில் கரைந்து கொழுப்பு அமிலங்களை வெளியிடக்கூடியது. அப்பகுதியின் இரத்தத்தில் பெரும்பங்கு நேராகக் கல்லீரலுக்குச் செல்வதால், கல்லீரலில் கொழுப்பு படிகிறது. இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்புத்தன்மை கூடுகிறது. இரத்தத்தில் டிரைகிளிசரைடு அளவும் உயர்கிறது. தொடையில் சேரும் கொழுப்போ, பாதுகாப்பான சேமிப்புக் கிடங்கைப் போல ஓரிடத்தில் அடங்கியிருக்கிறது.

ஈஸ்ட்ரோஜனின் பணி

பருவமடைவதற்கு முன்பு சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் உடற்கொழுப்பில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. பருவமடைந்த பின் சிறுமிகளின் உடலில் ஈஸ்ட்ரோஜன் பெருகுகிறது. தொடையிலும் பிட்டத்திலும் கொழுப்பு சேர்கிறது. சிறுவர்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் பெருகித் தசையை வளர்க்கிறது. ஆரோக்கியமான இளம்பெண்ணின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பாகும். அதே வயது ஆணிடம் இது சுமார் 15 சதவீதம்.

தொடைப் பகுதிக் கொழுப்பு செல்களின் மேற்பரப்பில், கொழுப்பு வெளியேறுவதைத் தடுக்கும் ஏற்பிகள் அதிகம். ஈஸ்ட்ரோஜன் இவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. இந்தச் சேமிப்பு பாலூட்டும் காலத்தில் தாய்க்கு உதவுகிறது. அப்போது தொடைக் கொழுப்பு வழக்கத்தைவிட எளிதில் கரைகிறது.

ஈஸ்ட்ரோஜன் மூளையிலும் செயல்படுகிறது. சினைப்பை அகற்றப்பட்ட எலிகள் அதிகம் உண்பதும், அவற்றின் எடை ஏறுவதும், ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அந்த மாற்றம் தணிவதும் ஆய்வகங்களில் பலமுறை காணப்பட்டுள்ளன.

மாதவிடாய் நிற்கும் காலத்தில்

மாதவிடாய் நிற்கும் காலத்தில் சினைப்பைகளின் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி வீழ்கிறது. கொழுப்பைத் தொடைக்கு அனுப்பிய கட்டளை தளர்வதால், புதிதாகச் சேரும் கொழுப்பு வயிற்றை நாடுகிறது.

அமெரிக்காவின் பல நகரங்களில் பெண்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் 'ஸ்வான்' ஆய்வின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. இறுதி மாதவிடாய்க்குச் சுமார் 2 ஆண்டுகளுக்கு முன்பே கொழுப்பு சேரும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது. தசை குறையத் தொடங்குகிறது. இறுதி மாதவிடாய்க்குப் பின் சுமார் 2 ஆண்டுகள் வரை இந்நிலை நீடிக்கிறது என அது தெரிவித்தது. ஆனால் உடல் எடை அதே காலத்தில் திடீரென வேகமெடுக்கவில்லை. கொழுப்பு கூடும்போது தசை குறைவதால் உள்ளே நடக்கும் மாற்றம் எடை இயந்திரத்தில் தெரிவதில்லை.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46 முதல் 47 வயதில் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் இது சுமார் 51. அதாவது இங்குள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜனின் பாதுகாப்பைச் சில ஆண்டுகள் முன்னதாகவே இழக்கின்றனர்.

'நடுத்தர வயதில் வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிடும்' என்ற பரவலான கருத்தும் திருத்தப்பட வேண்டியது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டோரின் ஆற்றல் செலவை ஆராய்ந்து 2021-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, உடலின் தசை அளவைக் கணக்கில் கொண்டால் 20 முதல் 60 வயது வரை ஆற்றல் செலவு மாறாமல் இருப்பதைக் காட்டியது. மாதவிடாய் நிற்பதையொட்டித் தனியான வீழ்ச்சியும் தென்படவில்லை. எனவே தசையைக் காப்பதே ஆற்றல் செலவைக் காக்கும் வழி.

ஆண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை

ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி, 'அரோமடேஸ்' என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகிறது. 20 முதல் 50 வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமான ஆண்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களது இயற்கையான ஹார்மோன் சுரப்பு மருந்தால் நிறுத்தப்பட்டது. பின்னர் வெவ்வேறு அளவில் டெஸ்டோஸ்டிரோன் களிம்பு 16 வாரங்கள் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் அது ஈஸ்ட்ரோஜனாக மாறுவதும் தடுக்கப்பட்டது.

முடிவு எதிர்பாராததாக இருந்தது. தசையும் வலிமையும் குறைந்ததற்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவே காரணம். ஆனால் உடற்கொழுப்பு கூடியதற்கு முதன்மைக் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவு.

ஆண்களிடம் ஒரு சுழற்சியும் உண்டு. உடல் பருமன் டெஸ்டோஸ்டிரோன் அளவைக் குறைக்கிறது. அக்குறைவு தசையைக் கரைத்துக் கொழுப்பைக் கூட்டுகிறது. எடை குறையும்போது டெஸ்டோஸ்டிரோன் அளவு மீண்டும் உயர்வதால், பலருக்கு முதல் சிகிச்சை எடைக் குறைப்பே. மருத்துவரின் பரிந்துரையின்றி டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ களிம்போ பயன்படுத்தினால் விந்தணு உற்பத்தி ஒடுங்கும். குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் இளைஞர்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

பெண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் மிகும்போது விளைவு வேறு. சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் 'பிசிஓஎஸ்' பாதிப்பில் ஆண்தன்மை ஹார்மோன்கள் கூடுகின்றன. வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்புத்தன்மையும் சேர்ந்தே காணப்படுகின்றன. உயர்ந்த இன்சுலின் சினைப்பைகளை மேலும் தூண்டுவதால் ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

இந்தியர்கள் ஏன் கவனிக்க வேண்டும்?

புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் உடல் அளவுகளையே வெளியிட்டனர். இருவரின் உடல் நிறை குறியீடும் 22.3. ஆனால் யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 சதவீதம். ஒரே எண், இருவேறு உடல்கள்.

2019-21-இல் நடைபெற்ற 5-ஆவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பும் இதையே உணர்த்துகிறது. உடல் நிறை குறியீட்டின்படி அதிக எடை கொண்ட பெண்கள் 24 சதவீதம், ஆண்கள் 22.9 சதவீதம். ஆனால் வயிறு, பிட்டம் ஆகியவற்றின் சுற்றளவு விகிதத்தின்படி அபாய நிலையில் இருந்த பெண்கள் 56.7 சதவீதம்; ஆண்கள் 47.7 சதவீதம். எடை இயந்திரம் 'சரி' என்று கூறியவர்களில் பலரை அளவு நாடா எச்சரிக்கிறது.

என்ன செய்யலாம்?

வீட்டிலுள்ள தையல் நாடாவே போதுமானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் வயிற்றின் சுற்றளவை அளக்க வேண்டும். இந்தியர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர். இதைத் தாண்டினால் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்வது நல்லது.

நடைப்பயிற்சியுடன் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. எடை தூக்குதல், உட்கார்ந்து எழுதல் போன்றவற்றை வாரம் இருமுறையேனும் செய்யலாம். பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றில் உள்ள புரதம் தசையைக் காக்க உதவும். உள்ளுறுப்புக் கொழுப்பு உடற்பயிற்சிக்கு நன்கு இணங்கக்கூடியது. எடை அதிகம் குறையாதபோதும் அது குறையலாம்.

மாதவிடாய் நின்ற பின் வழங்கப்படும் ஹார்மோன் சிகிச்சை, உடல் இளைப்பதற்கான மருந்து அன்று. ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்து வழங்கிய அமெரிக்காவின் பெரும் ஆய்வு ஒன்று, மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் உள்ளிட்ட அபாயங்களால் 2002-இல் இடைநிறுத்தப்பட்டது. கடும் உடல் வெப்ப உணர்வு போன்ற தொல்லைகளுக்கு இச்சிகிச்சை இன்றும் பயன்படுகிறது. வயது, குடும்ப நோய் வரலாறு ஆகியவற்றைப் பொறுத்து மருத்துவரே அதை முடிவு செய்ய வேண்டும்.

ஹார்மோன்களின் மாற்றத்தை முற்றிலும் தடுக்க இயலாது. ஆனால் அந்த மாற்றம் எப்போது தொடங்குகிறது என்பதை அறிந்து, 40 வயதிலிருந்தே தசையைப் பேணி, வயிற்றின் அளவைக் கண்காணித்து வந்தால், அதன் விளைவுகளைப் பெருமளவு குறைக்கலாம்.