நட்சத்திரப் பழம்: தோட்டத்தில் எளிது, சிறுநீரக நோயாளிக்கு ஆபத்து

பெங்களூரு: தில்லியில் குளிர்காலம் தொடங்கிவிட்டால், சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கி மசாலா தூவி விற்கும் தள்ளுவண்டிகளில், ஐந்து விளிம்புகள் கொண்ட மஞ்சள் நிறப் பழம் ஒன்றும் இருக்கும். இந்தியில் கம்ரக். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம். பெங்களூரில் உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்னப்படுவதும் இதே பழம்தான். கன்னடத்தில் தாரெ ஹுளி. தமிழில் தமரத்தை என்ற நல்ல பெயர் உண்டு. ஆனால், இன்று நட்சத்திரப் பழம் என்றால்தான் பலருக்கும் விளங்குகிறது.

புழக்கடையில் கேட்பாரற்று நின்ற இந்த மரத்தைத் தோட்டப் பயிராக்கும் வழிகளைத் தோட்டக்கலை விஞ்ஞானிகள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். அதே பழத்தைப் பற்றிச் சிறுநீரக மருத்துவர்கள் கடும் எச்சரிக்கை விடுக்கின்றனர். இவ்விரு தரப்பாரின் பேச்சும் ஒரே இடத்தில் கேட்பது அரிது.

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் 1967-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், அங்கு ஓடும் அர்க்காவதி ஆற்றின் பெயரால் தன் ரகங்களுக்கு "அர்க்கா" என்று பெயரிட்டு வருகிறது. குடகு மாவட்டம் செட்டள்ளியில் உள்ள அதன் நிலையம் ரம்புத்தான், வெண்ணெய்ப்பழம் போன்றவற்றில் கவனம் செலுத்தி, அவற்றை விவசாயிகளிடம் கொண்டு சேர்த்துள்ளது. பழங்களுக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டத்தின் தலைமையிடமும் ஹெசரகட்டாவே. மா, வாழை, எலுமிச்சை இனங்கள், கொய்யா, திராட்சை, பப்பாளி, சப்போட்டா, பலா, லிச்சி ஆகியவை அத்திட்டத்தின் முதன்மைப் பயிர்கள். நட்சத்திரப் பழத்துக்கு அந்த வரிசையில் இடமில்லை.

பூவில் உள்ள சூட்சுமம்: மரம் எளிதில் வளரக்கூடியது, ஆண்டுக்குப் பலமுறை காய்ப்பது. ஒட்டுக்கன்று நட்ட மூன்று, நான்கு ஆண்டுகளில் பலன் கிடைக்கும். பலமான காற்று மட்டும் ஆகாது. சிக்கல் பூவில் இருக்கிறது. சில மரங்களின் பூக்களில் சூல்தண்டு நீண்டும் மகரந்தத் தாள்கள் குட்டையாகவும் இருக்கும். வேறு சில மரங்களில் இது தலைகீழ். ஒரு வகைப் பூவின் மகரந்தத்தைத் தேனீ போன்ற பூச்சிகள் மற்ற வகைப் பூவில் சேர்த்தால்தான் பெரும்பாலான ரகங்களில் நன்கு காய் பிடிக்கும். இதை அறியாமல் தோட்டம் முழுவதும் ஒரே ரகத்தை நட்டவர், பூவைப் பார்த்தே திருப்தி அடைய நேரிடும். அமெரிக்காவின் புளோரிடாவில் பரவிய "ஆர்கின்" ரகம் இதற்கு விதிவிலக்கு. தனித்து நட்டாலும் காய்க்கும்.

விதையை நம்பிப் பயனில்லை. பழத்திலிருந்து எடுத்த சில நாள்களிலேயே முளைப்புத் திறன் போய்விடும். முளைத்தாலும் தாய் மரத்தின் இனிப்பு வரும் என்ற உறுதியில்லை.

பறித்த பின்னும் தொல்லை தீர்வதில்லை. மாம்பழம்போல் பறித்துப் பழுக்க வைத்து இனிப்பேற்ற இதில் வழியில்லை. நிறம் மாறும், இனிப்பு கூடாது. மெல்லிய விளிம்புகள் சிறு உரசலிலும் பழுப்பேறும். 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஈரப்பதம் குறையாமல் வைத்தால் சுமார் மூன்று வாரங்கள் தாங்கும். அதற்கும் கீழே குளிர்வித்தால் தோலில் குழிகள் விழும். எனவேதான் சாறு, ஸ்குவாஷ், ஊறுகாய், சர்க்கரைப் பாகில் ஊறவைத்து உலர்த்திய துண்டுகள் என்று பதப்படுத்தும் முறைகளில் ஆராய்ச்சியாளர்கள் நாட்டம் கொள்கின்றனர். நூறு கிராம் பழத்தில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர். வைட்டமின் சி சுமார் 34 மில்லிகிராம்.

மருத்துவர்களின் எச்சரிக்கை: புளிப்புக்குக் காரணமான ஆக்சாலிக் அமிலம் பித்தளைப் பாத்திரத்தைத் துலக்கவும் துரு அகற்றவும் உதவுகிறது. அதுவே உடலில் மிகுந்தால் கால்சியத்துடன் சேர்ந்து படிகங்களாகிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். புளிப்பு ரகச் சாற்றை வெறும் வயிற்றில் நிறையக் குடித்த, அதுவரை நோயற்றிருந்தவர்களுக்கும் சிறுநீரகம் செயலிழந்தது உண்டு.

இன்னொரு நச்சும் உண்டு. பிரேசிலில் டயாலிசிஸ் நோயாளிகள் இப்பழத்தைத் தின்றபின் தீராத விக்கல், மனக்குழப்பம், வலிப்புக்கு ஆளாயினர், சிலர் உயிரிழந்தனர். 1990-களின் இறுதியிலேயே இவை பதிவாயின. காரணமான பொருளை சாவோ பாவ்லோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்து, 2013-இல் "கரம்பாக்சின்" என்று பெயரிட்டனர். நலமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் இயலாது. அது மூளையைத் தாக்குகிறது. இலங்கை மருத்துவர்களும் இப்பழத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட இருவரைப் பற்றி 2015-இல் எழுதினர். நீரிழிவுக்கு நல்லது என்று நம்பி இதைச் சாப்பிடுவோர் அங்கு உண்டு. நெடுநாள் நீரிழிவில் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதடையும் என்பதால், இந்த நம்பிக்கை மிகவும் அபாயகரமானது. (இம்மரத்தின் பேரினத்துக்கு 12-ஆம் நூற்றாண்டு அரபு மருத்துவ மேதை இப்னு ருஷ்தின் பெயர் சூட்டப்பட்டிருப்பது ஒரு வேடிக்கை.)

நாடாளுமன்றத்தில் 2016 பிப்ரவரி 29-இல் நிதிநிலை அறிக்கையை வாசித்த அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் இறுதிநிலைச் சிறுநீரக நோயாளிகளாகச் சேர்கின்றனர் என்று கூறி, தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தார். மாவட்ட மருத்துவமனைகளுக்கு இயந்திரங்கள் வந்தன. ஆனால், எதைத் தின்னக்கூடாது என்பது எத்தனை பேருக்குச் சென்று சேர்ந்தது?

காபீன் கலந்த பானங்களில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதன்று என்று அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. நிலக்கடலை, பால், முட்டை போன்றவை சேர்ந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளில் உள்ள அந்த ஒவ்வாமைப் பட்டியலில் நட்சத்திரப் பழம் இல்லை. இதன் சாறும் ஸ்குவாஷும் கடைகளுக்கு வருமுன் "சிறுநீரக நோயாளிகளுக்கு ஏற்றதன்று" என்ற ஒரு வரியைக் கட்டாயமாக்குவதில் அரசுக்குச் செலவு ஏதுமில்லை. ஆக்சாலிக் அமிலம் குறைந்த இனிப்பு ரகங்களைத் தேர்ந்தெடுப்பதும் தோட்டக்கலை விஞ்ஞானிகளுக்குப் புதிய வேலையன்று. ஆனாலும், கரம்பாக்சின் இருக்கும்வரை சிறுநீரக நோயாளிக்கு இனிப்பு ரகமும் விலக்கே.

தள்ளுவண்டியில் லேபிள் கிடையாது. டயாலிசிஸ் மையத்தின் விலக்கு உணவுப் பட்டியலில் "ஸ்டார் ஃப்ரூட்" என்று மட்டும் எழுதினால், வீட்டு முற்றத்தில் நிற்கும் மரம்தான் அது என்று நோயாளிக்குத் தெரியாது. பெங்களூரில் தாரெ ஹுளி என்றும், தில்லியில் கம்ரக் என்றும், தமிழகத்தில் தமரத்தை என்றும் எழுத வேண்டும்.