நாற்காலி, கல்யாணம், ஓட்டு: பஹாய் ஆன்மிகமும் அமெரிக்க நிறவெறியும் குறித்துச் சில குறிப்புகள்

1

‘ஆன்மிகம்’ என்கிற சொல் காதில் விழுந்ததுமே நம்மில் பலர் உஷாராகிவிடுகிறோம். காரணம் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்கள் நியாயம் கேட்டு வந்தபோதெல்லாம், ‘முதல்ல மனசைச் சுத்தப்படுத்து, மத்ததெல்லாம் தானா சரியாகும்’ என்று அவர்களைத் திருப்பி அனுப்புவதற்கு மதங்கள் கையாண்ட சொல் அது. ‘எல்லாரும் ஒண்ணுதான்’ என்கிற வாக்கியமும் அப்படித்தான். அதை யார், எந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும். கீழே இருப்பவர் சொன்னால் அது கோரிக்கை. மேலே இருப்பவர் சொன்னால் ‘பேச்சை நிறுத்து’ என்று அர்த்தம்.

இந்தச் சந்தேகத்தைக் கைவிடாமலேயே ஒரு வரலாற்றைப் படித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். மனிதகுலம் ஒன்று என்பதையே தன் மையக் கோட்பாடாக வைத்த ஒரு சமயம், நிறப் பாகுபாடு சட்டமாகவும் பழக்கமாகவும் இறுகிப்போன ஒரு நாட்டில் வந்து இறங்கியபோது என்ன ஆனது? அமெரிக்காவில் பஹாய்களின் கதை இதுதான். நான் பஹாய் அல்ல. அவர்களுக்காக வக்காலத்து வாங்கவும் வரவில்லை. அன்பு எப்போது நியாயமாக மாறுகிறது, எப்போது வெறும் பேச்சாகவே நின்றுபோகிறது என்கிற கேள்விக்கு இந்த வரலாற்றில் சில பதில்கள் கிடைப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

2

அறிமுகமாகக் கொஞ்சம். பஹாய் சமயம் 19ஆம் நூற்றாண்டுப் பாரசீகத்தில் தோன்றியது. அதன் முன்னோடியான பாப் 1850இல் தப்ரீஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதை நிறுவிய பஹாவுல்லா (1817–1892) சிறையிலும் நாடுகடத்தலிலும் வாழ்ந்து, ஒட்டோமான் ஆட்சியிலிருந்த அக்கா நகரத்துக்கு அருகே இறந்தார். 1873 வாக்கில் அவர் அளித்த சட்டநூல் அடிமை வணிகத்தைத் தடைசெய்கிறது. அதே வேளையில், பாபின் வீட்டிலேயே ஆப்பிரிக்க வம்சத்து அடிமைகளாக ஹாஜி முபாரக்கும் ஃபிஸ்ஸாவும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். எந்தப் புனித வரலாற்றிலும் வேலைக்காரர்களின் பெயர்களைத் தேடுவது நம் வேலை.

பஹாவுல்லா கறுப்பின மக்களைக் கண்ணின் கருமணியோடு ஒப்பிட்டதாக அவருடைய மகன் அப்துல் பஹா (1844–1921) சொல்லியிருக்கிறார். கறுப்பாக இருப்பதால்தான் அதன் வழியே வெளிச்சம் உள்ளே போகிறது என்பது உவமையின் உட்பொருள். ‘கண்மணி’ என்று கொஞ்சுகிற மொழிக்காரர்களுக்கு இது எட்டாத உவமை இல்லை. கறுப்பு என்றால் இருட்டு, இருட்டு என்றால் அறியாமை என்று அடுக்கிவைத்திருக்கும் சொல்லாடலை இது தலைகீழாக்குகிறது. ஆனால் உவமை யாரையும் நாற்காலியில் உட்காரவைக்காது. அதற்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது.

பஹாய் சமயத்தில் பூசாரியோ பாதிரியோ கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் ஒன்பது பேர் கொண்ட சபையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 19 நாளுக்கு ஒருமுறை கூடி, பிரார்த்தனை, கலந்தாலோசனை, விருந்தோம்பல் மூன்றையும் சேர்த்தே நடத்துகிறார்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டில்தான் கூட்டம். சமயம் கோயிலில் நடந்தால் வீட்டை அப்படியே விட்டுவிடலாம். வீட்டுக்குள்ளேயே நடந்தால், யார் வீட்டு வாசலை யார் மிதிப்பது, யார் கையால் காபி வாங்கிக் குடிப்பது என்கிற கேள்விகளெல்லாம் இறையியல் கேள்விகளாகிவிடுகின்றன. வாஷிங்டன் பஹாய்களிடையே இது நிஜமான தகராறாகவே இருந்தது. கறுப்பர்களோடு சேர்ந்து கூடுவதை விரும்பாத வெள்ளை பஹாய்கள் அங்கே இருந்தார்கள். கோட்பாட்டில் யாருக்கும் மறுப்பில்லை; சங்கடமெல்லாம் கூடத்தில்தான்.

3

1912இல் அப்துல் பஹா அமெரிக்கா போனார். ஏப்ரல் 23ஆம் தேதி வாஷிங்டனில், கறுப்பின மாணவர்கள் படிக்கும் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பேசினார். அன்று மதியம் பாரசீகத் தூதரக அதிகாரி அலி குலி கான் வீட்டில் அவருக்கு விருந்து. தலைநகரத்து மரபுப்படி யாருக்கு எந்த நாற்காலி என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருந்தார்கள். லூயி கிரிகரி என்கிற கறுப்பின வழக்கறிஞரும் அந்த வீட்டுக்கு வந்திருந்தார்; ஆனால் சாப்பாட்டு மேசையில் அவருக்கு இடம் போடவில்லை. அப்துல் பஹா அவரை அழைத்துவரச் சொல்லி, ஏற்பாட்டை மாற்றித் தன் வலதுபுறம், மரியாதைக்குரிய இடத்தில், உட்காரவைத்தார். பஹாய்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் சம்பவம் இது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். முதலாவது, ‘அவரும் ஒரு ஓரமா உட்காரட்டுமே’ என்று ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டு விஷயத்தை முடிக்கவில்லை. வலதுபுற இடத்துக்கு கிரிகரி வந்தால் மற்ற எல்லாருடைய இடமும் நகர்ந்தாகவேண்டும். மேலே இருப்பவர்கள் நகராத சமத்துவத்தில் ஏணி அப்படியேதான் நிற்கும். கீழ்ப்படியில் நிற்கும் கூட்டம் கொஞ்சம் கூடும், அவ்வளவே. இரண்டாவது, இடத்தை மாற்றுவது எந்தப் பிரசங்கத்துக்கும் காத்திருக்கவில்லை. எழுதப்படாத சட்டத்தை எழுதப்படாத செய்கையால் மீறினார்கள். வாஷிங்டனில் அன்று நிறப் பாகுபாடு பெரும்பாலும் பழக்கமாக இருந்தது. அடுத்த ஆண்டே, 1913இல், வில்சன் ஆட்சி மத்திய அரசு அலுவலகங்களுக்குள் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரிக்கத் தொடங்கியது. பழக்கம் ஆணையாக மாற அதிக நாள் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 30ஆம் தேதி, கறுப்பர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மாநாட்டில் அப்துல் பஹா சிகாகோவில் பேசினார். டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் தன் ‘தி கிரைசிஸ்’ இதழில் அவருக்கு இடம் கொடுத்தார். நிறக்கோட்டை 20ஆம் நூற்றாண்டின் பிரச்சினை என்று கணித்த டு பாய்ஸும் இந்த முதியவரும் ஒரே மேடைக்கு வந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

4

நாற்காலியைவிடக் கடினமான இடம் கட்டில். 1911இல் அப்துல் பஹாவைப் பார்க்கப் போன இடத்தில் லூயி கிரிகரி, லூயிசா மாத்யூ என்கிற ஆங்கிலேயப் பெண்ணைச் சந்தித்தார். அப்துல் பஹாவின் ஊக்கத்தோடு இருவரும் 1912 செப்டம்பரில் நியூயார்க்கில் மணந்துகொண்டார்கள். அப்போது பல மாநிலங்களில் இப்படிப்பட்ட திருமணம் குற்றம். கிரிகரி தென் மாநிலங்களில் ஊர் ஊராகப் பயணம் செய்து பேசியபோது மனைவியைக் கூட அழைத்துப்போக முடியாது. லூயிசா ஐரோப்பாவில், குறிப்பாக பால்கன் பகுதிகளில், சமயப் பணி செய்தார். இப்படிப் பிரிந்து பிரிந்தே பல ஆண்டுகள் கழிந்தன. மனிதகுல ஒற்றுமைக்குச் சாட்சியாக வாழ்ந்த தம்பதி ஒரே ரயில் பெட்டியில் ஏற முடியாத நிலை. ஆன்மிகம் அன்றாட வாழ்வாக மாறும்போது அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டால், இதுதான் பதில்.

1919இன் கோடையில் அமெரிக்க நகரங்களில் கறுப்பர்கள்மீது வன்முறை வெடித்தது, வாஷிங்டனும் தப்பவில்லை. அடுத்த ஆண்டு, தலைநகரின் மேல்தட்டைச் சேர்ந்த ஆக்னஸ் பார்சன்ஸ் என்கிற வெள்ளைப் பெண்மணியிடம், இரு இனத்தாரும் சேரும் மாநாடு ஒன்றை நடத்தும்படி அப்துல் பஹா சொன்னார். பாதிக்கப்பட்டவர்களைப் பார்த்து ‘நீங்கள் நல்லிணக்கம் பேசுங்கள்’ என்று சொல்லாமல், வசதியாக இருப்பவர் தலையில் அந்த வேலையைச் சுமத்தியதுதான் இதில் முக்கியம். 1921 மே 19 முதல் 21 வரை மாநாடு நடந்தது. ‘தி நியூ நீக்ரோ’ தொகுப்பைப் பின்னாளில் கொண்டுவந்த தத்துவவாதி அலன் லாக், 1918இலேயே பஹாய் ஆனவர், அதில் பங்கெடுத்தார்.

மாநாடு முடிந்த பத்தே நாளில் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் வெள்ளைக் கும்பல் கறுப்பர்களின் கிரீன்வுட் பகுதியைக் கொளுத்தித் தரைமட்டமாக்கியது. நல்லிணக்க மாநாட்டால் டல்சாவைத் தடுத்திருக்க முடியுமா? முடியாது. மாநாட்டைப் பொய் என்று சொல்ல இது போதாது. ஆனால் அதன் எல்லை எது என்று இது காட்டிக்கொடுக்கிறது.

5

அப்துல் பஹாவுக்குப் பின் தலைமையேற்ற ஷோகி எஃபெண்டி 1938 டிசம்பரில் அமெரிக்க பஹாய்களுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அமெரிக்கச் சமூகம் எதிர்கொள்ளும் மிக முக்கியமான சவால் நிறவெறிதான் என்றார். வெள்ளையர்கள் தங்களுக்குள் பரம்பரையாக, தங்களுக்கே தெரியாமல்கூடப் படிந்திருக்கும் உயர்வு மனப்பான்மையை விடவேண்டும். ‘நாங்க உங்களுக்கு உதவுறோம்’ என்கிற தயவுதாட்சண்யத் தோரணையையும் விடவேண்டும் என்றார். கறுப்பர்கள் பழையதை மறந்து, சந்தேகத்தைத் துடைத்துவிட்டு ஈடுகொடுக்கவேண்டும் என்றும் கேட்டார்.

இந்தக் கடைசிப் பகுதி எனக்கு ஒப்பவில்லை. அடித்தவரும் அடிபட்டவரும் சமமாக முயலவேண்டும் என்றால் காயத்தின் கணக்கு என்ன ஆவது? மறதி, கொடுப்பவர் விருப்பம்; கேட்டு வாங்குவது இல்லை.

ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு விதி இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை முழுக் கடிதத்தின் எடையும் அதில்தான். பாரபட்சம் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அது சிறுபான்மைக்கு ஆதரவாகவே இருக்கட்டும் என்கிறார் அவர். தேர்தலில் இரண்டு பேருக்குச் சம ஓட்டு விழுந்தால், அல்லது ஒரு பொறுப்புக்கு இரண்டு பேரின் தகுதி சமமாக இருந்தால், தயங்காமல் சிறுபான்மையைச் சேர்ந்தவருக்கே முன்னுரிமை தரவேண்டும். இப்படிப்பட்ட சிந்தனை அமெரிக்க அரசாணைகளில் எட்டிப்பார்த்ததே 1961இல்தான். வகுப்புவாரி அரசாணை 1921இலேயே பிறந்த மாகாணத்துக்காரர்களுக்கு இது அதிசயமில்லைதான். இது இடஒதுக்கீடும் அல்ல. சமநிலை வந்தால் மட்டுமே செயல்படும் விதி. பஹாய் தேர்தலில் வேட்பாளரும் கிடையாது, பிரச்சாரமும் கிடையாது, ரகசிய ஓட்டு மட்டுமே. எனவே வாக்காளர் மனத்தில் இருக்கும் நிறம் ஓட்டில் வந்து விழாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இருந்தும் இந்தச் சின்ன விதியைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ‘எல்லாரும் ஒண்ணு’ என்பது இங்கே உணர்ச்சியாக நின்றுவிடவில்லை, நடைமுறையாக மாறியிருக்கிறது. பெரும்பான்மையைச் சேர்ந்தவர் தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை எழுந்து விடவேண்டும். எழுந்து விடுவதற்கு அவர் நல்லவராக இருக்கவேண்டியதில்லை. விதி இருந்தால் போதும். அன்பு நியாயமாக மாறுவது இந்த இடத்தில்தான்.

6

அப்படியானால் அரசியல்? பஹாய்கள் கட்சியில் சேரக்கூடாது, ஓட்டுப் போடலாம். 1964இல் குடியுரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் வந்தது, மக்கள் தெருவில் இறங்கி, அடிபட்டு, சிறைக்குப் போனதால்தான். கலப்பு மணத்தைத் தடைசெய்த சட்டங்களை, 16 மாநிலங்களில் அவை அப்போதும் இருந்தன, 1967இல் ஒழித்தது உச்சநீதிமன்றம். 1951இல் இறந்த லூயி கிரிகரிக்கு அந்தத் தீர்ப்பைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கூடத்தை மாற்றலாம். கூடத்துக்கு வெளியே இருக்கும் ரயில் பெட்டியை மாற்றுவதற்கு அரசோடு மோதியாகவேண்டும். இந்த இடைவெளியை பஹாய் ஆன்மிகம் தனியாக நிரப்பவில்லை.

உள்ளேயும் கேள்வி தீரவில்லை. ஆண், பெண் சமம் என்கிற இந்தச் சமயத்தின் உச்ச அமைப்பான, 1963இல் அமைந்த, உலக நீதி மன்றத்தின் ஒன்பது உறுப்பினர்களும் ஆண்கள். பெண்களுக்கு அங்கே இடமில்லை. இந்த நாற்காலியை நகர்த்த யாரும் முன்வரவில்லை.

எழுதுகிறவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. கவிஞர் ராபர்ட் ஹேடன் (1913–1980) 1940களில் பஹாய் ஆனவர். அடிமைக் கப்பல்களைப் பற்றிய ‘மிடில் பாசேஜ்’ அவர் எழுதியதுதான். 1966 ஏப்ரலில் செனகலின் டக்கார் நகரில் நடந்த கறுப்பினக் கலை விழா அவருக்குக் கவிதைக்கான பெரும்பரிசைக் கொடுத்தது. அதே மாதம் நாஷ்வில்லில், அவர் வேலைபார்த்த ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திலேயே நடந்த கறுப்பின எழுத்தாளர் மாநாட்டில் அவரைத் தாக்கினார்கள். தான் முதலில் கவிஞன், ‘கறுப்புக் கவிஞன்’ என்ற அடைமொழி வேண்டாம் என்று அவர் சொன்னதுதான் குற்றம். தாக்கியவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது: அடைமொழியை நீக்கிவிட்டு வெறும் ‘கவிஞன்’ என்றால் அந்தக் காலி இடத்தில் வெள்ளையன்தானே வந்து உட்காருகிறான். ஹேடனுக்கும் பதில் இருந்தது. அடிமைத்தனத்தின் வரலாற்றைத் தன் கவிதையில் சுமந்துகொண்டே மனிதன் என்கிற பொதுப்பெயரை வெள்ளையனுக்கு எழுதிவைக்க அவர் மறுத்தார். அலன் லாக் 1930களில் எழுதிய கட்டுரையொன்றும் பன்மையின் வழியாக ஒருமை என்பதைத்தான் பஹாய் கோட்பாடாக முன்வைத்தது. ஒருமை என்பது ஒரே அச்சு அல்ல.

7

டு பாய்ஸுக்கு 1946இல் கடிதம் எழுதிய அம்பேத்கர், அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே தன் சாதி ஒழிப்பு உரையில் இந்தப் பிரச்சினையைத் தொட்டிருக்கிறார். சேர்ந்து சாப்பிடுவது போதாது, சேர்ந்து மணப்பதுதான் மருந்து. அதற்கும் தடையாக நிற்கும் சாத்திரங்களின் புனிதத்தை உடைத்தாகவேண்டும் என்றார். பஹாய்கள் எதிர்த் திசையிலிருந்து வருகிறார்கள்: சேர்ந்து சாப்பிடு, சேர்ந்து மணந்துகொள் என்று கட்டளையிடுவதே அவர்கள் வேதம். உடைப்பதா, புதிதாக விதிப்பதா என்பதில் என் சாய்வு அம்பேத்கர் பக்கம்தான். ஆனால் சட்டம் வந்த பிறகும் கூடம் மாறவில்லை என்பதும் நாம் அறிந்ததே. கூட்டம் போடுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம். நம் அமைப்புகளில், நம் இதழ்களில், இரண்டு பேருக்கு ஓட்டு சமமாக விழுந்தால் யார் எழுந்து இடம் விடவேண்டும் என்று எங்கேயாவது எழுதிவைத்திருக்கிறோமா?