மணிக்குப் பொங்கல் வேண்டாமுங்க!

சோமனூரில் தறிச் சத்தத்தையும் மீறி, சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் எங்கள் மணிக்குக் கேட்டுவிடும்! போன பொங்கலன்று முந்திரியை நாங்கள் பொறுக்கிக்கொண்டு, மிச்ச சர்க்கரைப் பொங்கலை அவனுக்கு வைத்தோம். ராத்திரி முழுக்க வாந்தி. கால்நடை டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பொங்கல்ல திராட்சை போட்டீங்களா?"

திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். சில நாய்களுக்குக் கொஞ்சமே போதும். டார்டாரிக் அமிலம்தான் வில்லனாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்க கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். அது நம்ம புளியிலும் ஏராளம். ஆக, புளிசாதமும் கட்!

அரிசிம்பருப்பு சாதம்? அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் விஷம் போகாது. சாக்லெட்டின் தியோப்ரோமின் இதயத்தைப் படபடக்க வைக்கும். சர்க்கரையில்லாத சூயிங்கம்மில் சைலிடால் இருந்தால், ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும்.

தின்றுவிட்டதா? உப்புத்தண்ணீர் வைத்தியமெல்லாம் வேண்டாம். எதை, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றி மணி பிழைத்தான். இப்போது அவனுக்கு எலும்பில்லாத வேகவைத்த கோழி. ஆபீஸிலிருந்து களைத்து வரும் எனக்கு? அதே ரசம் சாதம்தானுங்க!