கட்டுண்பது கண்ணோ, கருத்தோ?

மாயவித்தைக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் இரண்டு நம் கருத்தைக் கவர்வன. ஒன்று செப்படி வித்தை. மற்றொன்று கண்கட்டு வித்தை. முன்னது கருவியால் வந்த பெயர். செப்பு என்பது சிமிழ். சிறு கிண்ணங்கள் சிலவற்றைக் கவிழ்த்து வைத்து, அவற்றினடியில் பந்துகளைத் தோற்றுவித்தும் மறைத்தும் காட்டும் ஆட்டமே அப்பெயர் பெற்றது. பின்னது பயனால் வந்த பெயர். காண்போர் கண்ணை வித்தைக்காரன் கட்டிவிடுகின்றான் என்பது அதன் பொருள். இப்பெயர் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பேரரங்குகளில் விளக்குகளும் திரைகளும் துணைநிற்க நிகழ்த்தும் பெருவித்தைகளை நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பாயின்மீதோ மேசையின்மீதோ, காண்போர் கைக்கெட்டும் தொலைவில், செப்பும் சீட்டும் கொண்டு நிகழும் சிறுவித்தையே நமது பொருள். மறைவிடம் ஒன்றுமில்லாத இடத்தில் மறைத்துக் காட்டுதலாகிய இதனை அக்கலையின் உயர்நிலை என்று கூறினும் தகும்.

இக்கலை நமக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய வித்தைக்காரர் சிலர் கடல் கடந்து இலண்டன் மாநகர் சென்று ஆடிக் காட்டினர். அவர்களுள் புகழ் பெற்றவர் ராமோ சாமி என்பார். ராமசாமி என்னும் நம் நாட்டுப் பெயரே ஆங்கிலர் நாவில் அவ்வாறு திரிந்ததாகல் வேண்டும். இத்தகைய இந்திய வித்தைக்காரர் நான்கு பித்தளைப் பந்துகளை இடையறாது எறிந்து பிடிக்கும் திறத்தை வியந்து, ஆசிலிட்டு என்னும் ஆங்கில உரைநடை ஆசிரியர் 1821இல் வெளிவந்த நூலொன்றில் ஒரு கட்டுரையே எழுதினார். இவர் பந்தாடும் அளவு செவ்வையாகத் தாம் செய்யவல்ல செயல் ஒன்றேனும் உண்டோ என்று தம்மையே வினவிக்கொண்டு அவர் நாணினார். கற்றோர் ஒருவரை நாணச் செய்த அக்கலையில் வல்ல ராமோ சாமியோ 1850இல் இலண்டனில் வறுமையிலேயே உயிர் நீத்தார்.

தென்காசியிலிருந்து மேற்கே செங்கோட்டைக் கணவாயைக் கடந்தால் கேரள நாடு. அங்கும் இவ்வாட்டம் ‘செப்பும் பந்தும்’ என்னும் பெயரால் போற்றப்படுகின்றது. வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி (1903–1983) அதில் இணையற்றவராய் விளங்கி, கேரள மாயவித்தையின் தந்தை எனப் பெயர் பெற்றார். அரங்கமும் பொறிகளும் இன்றி, கைகளையும் சொல்லையுமே துணையாகக் கொண்டு அவர் இப்புகழ் எய்தினார் என்பது நினைவில் இருத்தத்தக்கது.

இனிச் சீட்டுக்கு வருவோம். இன்று நாம் ஆடும் ஐம்பத்திரண்டு சீட்டுகள் மேலை நாட்டினின்றும் வந்தவை. ‘கிளாவர்’ என்று நாம் வழங்கும் இனத்தை ஒல்லாந்தரும் அவ்வாறே அழைக்கின்றனர். தூத்துக்குடியில் அவர்கள் வாணிகம் நடத்திய காலத்தை எண்ணின் இவ்வொற்றுமை வியப்பன்று. ஆயினும் சீட்டுலகுக்கு நாமும் ஒன்று வழங்கியுள்ளோம். நம்மூர்த் திண்ணைகளில் சீட்டாடுவோர் கட்டைக் கலைக்கும் முறையைக் கூர்ந்து நோக்குக. ஒரு கையால் கட்டை நீளவாட்டில் பிடித்து, மறு கையின் விரல்களால் மேலிருந்து சிறு சிறு கற்றைகளாக உருவி உள்ளங்கையில் விழச் செய்வர். மேலை நாட்டு வித்தைக்காரர் இதனை ‘இந்து கலைப்பு’ என்று பெயரிட்டுப் பயில்கின்றனர். “வேண்டுமிடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்” என்று கூறிக் கலைப்பதற்கு இது மிக ஏற்றது. நிறுத்தச் சொன்னவர் சீட்டைத் தாமே தேர்ந்ததாக எண்ணுவார். தேர்வோ வித்தைக்காரனுடையதாக இருக்கும். திண்ணையில் சிறுவனும் செய்யும் செயலாதலின் எவரும் ஐயுறார். இயல்பாகத் தோன்றும் செயலினுள் கருத்தை மறைத்தலே இக்கலையின் முதற்பாடம்.

இவ்வியல்பு எளிதில் வருவதன்று. 1902இல் சிக்காகோ நகரில் எர்ட்னேசு என்னும் புனைபெயரில் ஒருவர் சீட்டுக் கைத்திறம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் யார் என்பது இன்றளவும் ஐயமறத் தெளியப்படவில்லை. நூறாண்டு கடந்தும் வித்தைக்காரர் அந்நூலைப் பாடநூலாகவே ஓதி வருகின்றனர். ஒரு சீட்டை உள்ளங்கையில் மறைத்தல், கலைப்பதுபோற் காட்டிக் கலையாது வைத்தல், வேண்டிய சீட்டை வேண்டிய இடத்தில் நிறுத்தல் ஆகிய இவை ஒவ்வொன்றும் கண்ணாடி முன் நின்று திங்கட் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் பயின்றாலன்றிக் கைகூடா. வீணை பயில்வோன் விரல்களை நினைந்து மீட்டுமளவும் இசை பிறவாதவாறு போல, வித்தைக்காரனும் தன் விரல்களை மறந்த பின்னரே வித்தை பிறக்கின்றது.

எனினும், கைவேகமே இதற்கெல்லாம் காரணம் என்று கருதுவது பிழை. அர்ச்செந்தீனா நாட்டு இரெனே இலாவாந்து (1928–2015) ஒன்பதாம் வயதில் நேர்ந்த விபத்தில் வலக்கையை இழந்தவர். எஞ்சிய இடக்கை ஒன்றினாலேயே சீட்டு வித்தை பயின்று உலகப் புகழ் எய்தினார். அவர் விரைந்து செய்தாரல்லர். ஒரே வித்தையை மீண்டும் மீண்டும் முன்னையினும் மெல்லச் செய்து காட்டி, இதனினும் மெல்லச் செய்தல் இயலாது என்று சொல்லிக் காண்போரைத் திகைக்க வைத்தார். வேகமே காரணமாயின், மெல்லச் செய்தபோது உண்மை வெளிப்பட்டிருக்குமன்றோ?

அங்ஙனமாயின் கட்டுண்பது யாது? 2006இல் கூன், இலாண்டு என்னும் ஆய்வாளர் இருவர் வெளியிட்ட சோதனை இதற்கு விடை கூறும். வித்தைக்காரன் ஒரு பந்தை இருமுறை மேலே எறிந்து பிடிக்கின்றான். மூன்றாம் முறை எறிவதுபோற் கையை அசைத்துப் பந்தைக் கையிலேயே மறைத்துக் கொள்கின்றான். அப்போது அவன் தன் பார்வையையும் மேலே செலுத்தினால், காண்போருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பந்து மேலெழுந்து வானில் மறைந்ததாகவே கூறினர். தன் கையை நோக்கினானாயின், அவ்வாறு கூறினோர் மூன்றில் ஒரு பங்கினரே. ஆய்வாளர் காண்போரின் விழியசைவையும் கருவியால் அளந்தனர். பந்து சென்றதாகக் கூறப்பட்ட இடத்துக்குப் பெரும்பாலோர் விழிகள் செல்லவேயில்லை. அவை வித்தைக்காரன் முகத்தையே நாடி நின்றன. கண் ஏமாறவில்லை; கருத்தே இல்லாத பந்தைப் படைத்துக் கொண்டது.

இது நம் நாட்டார் அறியாத உண்மையுமன்று. குற்றாலத்துச் சித்திரசபையில் கூத்தப்பெருமான் ஓவியமாக விளங்குகின்றான். சுவரிலுள்ள வண்ணமும் கோடும் அசைவதில்லை. ஆயினும் காண்போர் நடனத்தையே காண்கின்றனர். அசைவைத் தருவது காண்போரின் உள்ளம். ஓவியன் பாதி எழுதுகின்றான். எஞ்சிய பாதியைக் காண்போர் எழுதிக்கொள்கின்றனர். வித்தைக்காரனும் அவ்வாறே பாதியைச் செய்து பாதியை நம்மிடம் விட்டுவிடுகின்றான்.

கருத்தைக் கட்டுவதற்கு அவன் கொள்ளும் தலையாய கருவி பேச்சு. இதற்கும் குற்றாலமே சான்று தரும். பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில் வரும் சிங்கி, வசந்தவல்லியின் கையைப் பார்த்தவுடனே குறி கூறி விடுவதில்லை. முதலில் தன் மலைவளம் கூறுகின்றாள், நாட்டுவளம் கூறுகின்றாள், தன் குறியின் பெருமை கூறுகின்றாள். நல்ல நிமித்தங்களைச் சுட்டிய பின்னரே கையை நோக்குகின்றாள். அதற்குள் கேட்போள் உள்ளம் நெகிழ்ந்து நம்பிக்கை கொண்டு விடுகின்றது. தெய்வக்குறி பாடிய கவிராயர் மனத்தின் இயல்பையும் நன்கு அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. சீட்டு வித்தைக்காரனின் கதையும் நகைச்சுவையும் சிங்கியின் மலைவளம் போன்றவையே. அவை வெறும் அலங்காரம் அல்ல. ஒரு நகைச்சொல்லைக் கேட்டுச் சிரிக்குங்கால் நம் கருத்துக் கணநேரம் இளைப்பாறுகின்றது. செய்ய வேண்டிய செயல் அக்கணத்தில் முடிந்து விடுகின்றது.

பேச்சு நிகழ்காலத்தை மட்டுமன்றி நினைவையும் ஆள்கின்றது. “நீங்களே கலைத்தீர்கள், நீங்களே எடுத்தீர்கள், நான் சீட்டைத் தொடவேயில்லை” என்று வித்தைக்காரன் இடையிற் சொல்லிச் செல்கின்றான். அவன் தொட்டதுண்டு, ஆயினும் அது பொருட்படுத்தத்தக்கதாகத் தோன்றாமையால் நாம் மறந்து விடுகின்றோம். மறுநாள் விடுதியில் நண்பர்க்கு அவ்வித்தையை விவரிக்குங்கால், அவன் கூறியவற்றையே நாம் கண்டனவாகக் கூறி, நடந்ததினும் பெரிய அற்புதம் ஒன்றைப் படைத்து விடுகின்றோம். வித்தையின் பிற்பகுதி இவ்வாறு காண்போர் நாவிலேயே நிகழ்கின்றது.

கல்வி இதனின்று நம்மைக் காக்கும் என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். கல்வி துணை செய்யும் என்பது உண்மையே. ஐம்பத்திரண்டு சீட்டுகளை அடுக்கும் வகைகளின் தொகையை எழுதினால் அது 68 இலக்கம் கொண்ட எண்ணாகும். கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றனுள் ஒன்றை வழக்கம்போல் கலந்து விடும் முறையில், ஏறக்குறைய ஏழு முறை கலைத்தால் சீட்டுகள் நன்கு கலையும் என்று பேயர், டயக்கோனிசு என்னும் கணித அறிஞர் 1992இல் நிறுவினர். டயக்கோனிசு இளமையில் தாமே வித்தைக்காரராயிருந்தவர். ஆனால் கட்டைச் சரிபாதியாகப் பிரித்து, மேற்சீட்டும் அடிச்சீட்டும் தத்தம் இடத்திலேயே நிற்க, ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிறிதும் பிழையின்றிக் கோத்து எட்டு முறை கலைப்பின், சீட்டுகள் அனைத்தும் தொடங்கிய வரிசைக்கே மீண்டு விடும்! கலைத்தல் யாவும் கலைத்தலன்று என்பதைக் கணக்கு அறிந்தோன் உணர்வான். ஆயினும் அறிவுடைமை வேறு, ஏமாறாமை வேறு. எந்த வித்தையையும் மூன்று முறை கண்டால் அதன் மறைவைக் கூறுவேன் என்று செருக்கிய ஊடினி என்னும் பெருவித்தைக்காரர் முன், 1922இல் தாய் வெர்னன் என்னும் இளைஞர் ஒரு சீட்டு வித்தையைப் பலமுறை செய்து காட்டினார். சீட்டுக்கட்டின் உள்ளே செருகிய சீட்டு மீண்டும் மீண்டும் மேலே வந்தது. ஊடினியால் அதன் மறைவைக் கூற இயலவில்லை. தான் ஏமாறமாட்டேன் என்னும் துணிவே கருத்தைக் கட்டும் கயிறுகளுள் வலியதாகும்.

இவ்வளவும் பொழுதுபோக்காக நிற்குமாயின் தீங்கில்லை. ஆனால் இதே திறம் சந்தைகளிலும் திருவிழாக் கூட்டங்களிலும் ‘மூன்று சீட்டு’ என்னும் பெயரால் ஏழைகளின் கூலியைப் பறிக்கின்றது. ஆடுவோன் மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து இடம் மாற்றி, குறித்த சீட்டு எது என்று வினவுவான். கூட்டத்தில் நிற்கும் அவன் துணைவர் பணம் வைத்து வெல்வர். பிறகு அவருள் ஒருவன், ஆடுவோன் பாராத நேரத்தில், வெல்லும் சீட்டின் மூலையைச் சற்றே மடித்து விட்டு அருகில் நிற்பவனை நோக்கிக் கண்சிமிட்டுவான். பிறர் அறியாததைத் தான் அறிந்ததாக மகிழ்ந்து அவன் கையிலுள்ள பணமனைத்தையும் வைக்கின்றான். சீட்டைத் திருப்பினால் மூலை மடிந்த சீட்டு வேறாக இருக்கும். அவனை வீழ்த்தியது ஆடுவோனின் கைத்திறம் மட்டுமன்று. ஆடுவோனைத் தான் ஏமாற்றிவிடலாம் என்ற அவனுடைய அவாவுமாகும். 1930இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற சூதாட்டச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நிலவுகின்றது. எனினும், அவாவைத் தடுக்கும் சட்டம் எவ்வரசாலும் இயற்ற இயலாதது.

ஆனித் திங்கள் பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்தில் மக்கள் வெள்ளம் பெருகுகின்றது. பேரருவியை அண்ணாந்து நோக்கி நிற்பவன் தன் பையை நோக்கான் என்பதைப் பை பறிப்போன் நன்கு அறிவான். கூட்டமும் வேண்டாத திருட்டு இன்று வளர்ந்துள்ளது. கைப்பேசியில் அழைத்து, “வங்கியிலிருந்து பேசுகின்றோம்; உம் கணக்கு இப்பொழுதே முடங்கப் போகின்றது; உமக்கு வந்த எண்ணைச் சொல்லும்” என்று அச்சுறுத்துவோன் சீட்டைத் தொட்டறியாதவனாக இருக்கலாம்; ஆயினும் அவன் செய்வது செப்படி வித்தையே. அச்சத்தின்பால் நம் கருத்தைத் திருப்பி, எண்ணிப் பார்க்கும் நேரத்தைப் பறித்து, அவன் விரும்பியதை நாமே தேர்ந்ததாக எண்ணச் செய்கின்றான். படித்தோரும் பதவியிலிருந்தோரும் இதில் வீழ்வதைக் கேட்கின்றோம்.

ஆகவே வித்தைக்காரனையும் வஞ்சகனையும் ஒருங்கெண்ணுதல் தகாது. பிரான்சு நாட்டு இராபேர் ஊதேன் (1805–1871) வித்தைக்காரனை மந்திரவாதியாக நடிக்கும் நடிகனாகவே கருதினார். நடிகன் தான் நடிப்பதை மறைப்பதில்லை. “உங்களை ஏமாற்றப் போகின்றேன்” என்று முன்னரே உரைத்து, பின்னர் ஏமாற்றி, இறுதியில் நம்மை மகிழ்வித்து அனுப்புகின்றான். வஞ்சகனோ “உமக்கு நன்மை செய்கின்றேன்” என்று கூறியே ஏமாற்றுகின்றான். கைத்திறம் இருவர்க்கும் ஒன்றாக இருக்கலாம். வாய்மையே இருவரையும் பிரிப்பது.

இனித் தொடங்கிய வினாவுக்கு விடை கூறுவோம். கட்டுண்பது கண்ணன்று, கருத்தே. ஆதலின் நம் கல்லூரி மாணவர் யாரேனும் ஒரு சீட்டுக்கட்டை எடுத்து இக்கலையைப் பயிலப் புகுவாராயின், அதனை வீண்பொழுது என்று நாம் இகழமாட்டோம். ஓராண்டு கண்ணாடி முன் நின்று பயின்றவர் விரற்றிறத்தோடு பொறுமையையும் கற்பர். ஏமாற்றும் வழியைக் கற்றவர், தம் கருத்துத் திருப்பப்படும் கணத்தைப் பிறரினும் முந்தி உணரவும் கூடும். யாரேனும் நம்மை விரைந்து முடிவு செய்யத் தூண்டும்போதெல்லாம், “இவர் என் கருத்தை எங்கே திருப்புகின்றார்? மறு கை எங்கே உள்ளது?” என்று வினவும் பழக்கம் ஒன்று அமையுமாயின், அதுவே இச்சிறுவித்தை நமக்கு அளிக்கும் பெரும்பயனாகும்.